விளைவது அங்கிட்டு, விலை சொல்வது இங்கிட்டு



நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கிறது. "எங்க ஊருக்கு எப்ப சார் கம்பெனி வரும்?" சின்னமனூரிலிருந்து கேட்கிறார்கள், கூடலூரிலிருந்து கேட்கிறார்கள், ஆண்டிபட்டியிலிருந்தும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். பையன் போடி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து முடித்து, ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நாலு பேரோடு ஒரே அறையில் கிடப்பான். பெண் திருப்பூரில் இருப்பாள். தீபாவளிக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டு இரவு பஸ் ஏறிவிடுவார்கள். பிள்ளை கண்பார்வையிலேயே இருந்து நாலு காசு பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கேள்வி. அதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இதழே அதற்குத்தான்.

ஆனாலும் அந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. கம்பெனி என்றதும் நீலத் தகரக் கூரை, நீளமான காம்பவுண்டு சுவர், வாசலில் செக்யூரிட்டி, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் பஸ் என்று ஒரு படம் மனதில் ஓடுகிறது. அப்படி ஒன்று எங்கிருந்தோ வந்து இறங்கினால்தான் ஊர் பிழைக்கும் என்று நம்பிவிட்டோம். நம் தேனி மாவட்டத்து ஊர்கள் எதுவும் அப்படிப் பிழைக்கவில்லை.

போடிநாயக்கனூரையே பாருங்களேன். போடி என்றால் ஏலக்காய். ஆனால் அந்த ஏலக்காயில் பெரும்பகுதி விளைவது மலைக்கு அங்கிட்டு, உடும்பன்சோலையிலும் நெடுங்கண்டத்திலும் சாந்தன்பாறையிலும் வண்டன்மேட்டிலும். மாநிலமே வேறு. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலம் மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் ஒன்று, கீழே போடியில் ஒன்று என்று இரண்டு இடங்களில் நடக்கிறது. புற்றடியில் நடப்பதில் ஆச்சரியமில்லை, அது தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. காய் விளையாத போடிக்கு ஏலம் எப்படி வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. யாரும் சலுகை அறிவித்து அழைத்து வரவில்லை. போடியில் ஏலக்காய்ப் பூங்கா என்று எவரும் அடிக்கல் நாட்டி அது வந்துவிடவில்லை.

கதை தேயிலையில் தொடங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தோட்டங்களின் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கிருந்து ரோப் கார் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டி கட்டிப் போடி, அதற்கப்புறம் தூத்துக்குடித் துறைமுகம். 1908-ல் குறுகிய பாதையாக மாறிய அந்த மலை ரயிலை 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைச் சரக்கைக் கீழே வாங்கி வைக்கும் ஊர் என்ற பெயர் மட்டும் போடிக்கு நிலைத்தது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் ரயில் பாதை வந்தது. மலையடிவாரத்தில் ரயிலும், கிட்டங்கியும், கையில் பணம் வைத்திருக்கும் வியாபாரியும் சேர்ந்துவிட்டால் சரக்கு வேறு எங்கே போகும்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ரயில் இல்லாத காலம்தான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். பிறகு அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடியில் ரயில் ஊதவே இல்லை. ஏலக்காய் வியாபாரம் ஊரைவிட்டுப் போய்விட்டதா? போகவில்லை. ரயிலால் வந்தது ரயில் போன பிறகும் நிற்கிறது என்றால், அதற்குள் வேறு ஏதோ வேர் பிடித்திருக்கிறது.

அந்த வேரைப் பார்க்க வேண்டுமானால் ஏலம் நடக்கும் ஹாலுக்குப் போகாதீர்கள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள், பார்க்க ஒன்றுமில்லை. காய் பிரிக்கும் கிட்டங்கிக்குப் போங்கள். தெருமுனையிலேயே வாசனை வந்து கூப்பிடும். உள்ளே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குவியல். காம்பு கிள்ளி, வெடித்த காயை ஒதுக்கி, வெளுத்ததைத் தனியே தள்ளி, சுளகில் ஒரு புடை. சல்லடையில் நிற்கும் எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, ஏழு மில்லிக்கு ஒரு விலை, அதற்குக் கீழே வேறு. நல்ல பச்சை நிறமும் எட்டு மில்லி தடிமனும் சேர்ந்த காய்தான் அரபு நாட்டுக் காப்பிக்குக் கப்பலேறும். அந்த அக்காமார்களின் கை காயைத் தொடும்போதே ரகம் முடிவாகிவிடுகிறது, கண் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. எந்தப் பயிற்சி மையமும் இதைச் சொல்லித் தந்ததில்லை. அம்மா பிரித்தார், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பார்த்தாள், இப்போது அவள் பிரிக்கிறாள்.

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றித்தான் எழுதினார். ஒரு தொழில் ஒரே ஊரில் நெடுநாள் தங்கிவிட்டால் அதன் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றில் கலந்துவிடும், குழந்தைகள் தெரியாமலேயே கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். அவர் மனதில் இருந்தது ஷெஃபீல்டின் கத்திகள். நமக்கு ஏலக்காய். சொல்லப்போனால் நமக்குக் காற்றில் கலந்திருப்பது நிஜமாகவே தெரியும், மூக்கு இருந்தால் போதும்.

தரம் பிரிக்கும் கை, முன்பணம் கொடுக்கும் வியாபாரி, இருப்பு வைக்கக் கிட்டங்கி, விலை தெரிந்துகொள்ள ஒரு பொது இடம். இவை நான்கும் ஓர் ஊரில் இருந்தால் விளைச்சல் மலையைத் தாண்டியும் வரும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது போடிக் கடைத்தெருவும் சேர்ந்து குதித்தது. விலை விழுந்தபோது சேர்ந்து விழுந்தது. ஏற்றமும் இறக்கமும் உண்டு, ஊர் மட்டும் தொழிலை விடவில்லை. வடுகபட்டியும் இதே ரகம். வடுகபட்டி என்றால் பலருக்குக் கவிஞர் வைரமுத்து ஞாபகம் வருவார். மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள், பூண்டு என்பார். கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கி வந்து விலைபோகும் சந்தை அங்கேதான்.

தேனி நகரமும் சந்தையால் வந்த ஊர்தான். குமுளி ரோடும் போடி ரோடும் மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் வந்து சேரும் இடத்தில் வாரச்சந்தை கூடியது. பருத்தி வந்தது, ஜின்னிங் வந்தது, பின்னாலேயே நூற்பாலைகள் வந்தன. சந்தையில் சம்பாதித்தவர்கள் உறவின்முறையாகவும் சங்கமாகவும் சேர்ந்து பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டினார்கள். பிறகு மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனியைத் தலைநகராக்கியதும் கலெக்டர் ஆபீஸ் வந்தது. 2004-ல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதைச் சுற்றி லேப், மெடிக்கல், மெஸ், ஆட்டோ ஸ்டாண்டு. ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், இன்று தேனியின் பெரிய கம்பெனி அரசாங்கம்தான்.

இனிமேல்தான் கசப்பான பகுதி. போடிக்கு வாய்த்தது கம்பத்துக்கு வாய்க்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இல்லாதது என்ன? 1895-ல் பெரியாறு அணை திறந்த நாளிலிருந்து மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இங்கிட்டு வருகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் படம் மாட்டாத டீக்கடை குறைவு; தை மாதம் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறோம். 14,707 ஏக்கரில் இருபோக நெல். தென்னை, வாழை, வெற்றிலை. எல்லாவற்றுக்கும் மேலே திராட்சை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் என்று கண்ணுக்கெட்டும் வரை பந்தல். கவாத்து அடித்து நாலு மாதத்தில் பழம் வெட்டலாம். ஒரு தோட்டத்தில் பழம், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் வெறும் கொடி என்று வருஷம் முழுக்கப் பழம் வந்துகொண்டே இருக்கும். உலகில் அதிக இடங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் பன்னீர் திராட்சை ஒரு பொல்லாத பழம். தோல் மெலிசு, விதை உண்டு, வெட்டிய ரெண்டு மூணு நாளுக்குள் ஆள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ரெண்டு மூணு நாள்தான் விவசாயியின் கழுத்தில் கிடக்கும் கயிறு. கயிற்றின் மறுநுனி கேரளத்துச் சந்தையில் இருக்கிறது. அங்கே மழை பிடித்துக்கொண்டால் இங்கே விலை விழும். வடக்கேயிருந்து விதையில்லாத திராட்சை லாரி லாரியாக வந்து இறங்கினாலும் விலை விழும். 2020 ஊரடங்கில் வாங்க ஆளில்லாமல் பழம் பந்தலிலேயே அழுகியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏலக்காயைக் காய வைத்து, மூட்டை கட்டி, 'விலை வரட்டும்' என்று காத்திருக்கலாம். திராட்சை காத்திருக்காது. போடிக்கும் கம்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் காத்திருக்க வைக்க முடியாதா? நாசிக்கில் முடிந்திருக்கிறது. அங்கேயும் திராட்சைதான், அங்கேயும் ஏமாந்த விவசாயிகள்தான். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை போட்டது, ஒயின் ஆலைகள் எழுந்தன. நம் ஊரில் ஒயின் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு, அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது விலாஸ் ஷிண்டே என்பவர் மற்ற விவசாயிகளோடு சேர்ந்து எழுப்பிய சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ். விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் கம்பெனி. பழத்தைக் குளிரூட்டுவது, தரம் பிரிப்பது, பெட்டி போடுவது, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுவது எல்லாம் அவர்கள் வளாகத்திலேயே. மிஞ்சுவது கூழாகிறது, சாறாகிறது. நாட்டின் பெரிய திராட்சை ஏற்றுமதியாளர்களில் ஒருவராக அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். வெளியூர் முதலாளி எவரும் வந்து தொடங்கிய கம்பெனி அல்ல அது, பந்தலுக்குக் கீழேயிருந்தே கிளம்பியது.

வாழை கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டது. சின்னமனூர், கம்பம் பக்கத்தில் திசு வளர்ப்புக் கன்று நட்டு, தாருக்கு உறை மாட்டி, சீப்பு சீப்பாகப் பிரித்துக் கழுவி, அட்டைப் பெட்டியில் அடுக்கி வளைகுடாவுக்கு அனுப்புகிறார்கள். கழுவுவதும் துடைப்பதும் எடை போடுவதும் ஒட்டுவதும் உள்ளூர் ஆட்கள். தோட்டத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கும் இந்த நாலு வேலைதான் ஓர் ஊரின் சம்பளம். தாரை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டால் அந்தச் சம்பளமும் லாரியிலேயே போய்விடும்.

அந்த நடுவேலைக்கு ஆள் கிடைக்குமா என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. விடிவதற்கு முன்னால் கம்பத்திலோ போடியிலோ கூடலூரிலோ எழுந்து தெருவில் நின்று பாருங்கள். ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருக்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி என்று மூன்று பாதையிலும் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அங்கே கூலி கூடுதல், அதனால் போகிறார்கள். அந்த வளைவுகளில் ஜீப் உருண்ட செய்தியையும் அவ்வப்போது படிக்கிறோம். இவ்வளவு பாடுபட்டு அடுத்த மாநிலத்துக்குத் தினமும் போய்வரும் பெண்களைப் பார்த்து 'வேலைக்கு ஆள் இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலைக் கூலிக்குப் பக்கத்தில் வரும் கூலியும், சுத்தமான கழிப்பறையும், மாலை ஐந்து மணிக்கு வீடும் கொடுத்துப் பாருங்கள், ஆள் இருக்கிறது.

வெளியிலிருந்து பெரிதாக ஒன்று வருவதை நாம் பார்க்காமலும் இல்லை. தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆதரவு, எதிர்ப்பு, போராட்டம், வழக்கு. 2022-ல் தமிழக அரசே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அறிவியலா, காடா என்ற பெரிய வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. மாவட்டத்தின் வளர்ச்சி என்றால் பல வருஷம் அந்த ஒரு மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்பதுதான் என் வருத்தம். திராட்சைக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்று அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம் போட்டிருந்தால்கூட ஏதாவது நடந்திருக்கும்.

தென்காசி மத்தளம்பாறைக்கு ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி வந்ததே, நமக்கு மட்டும் ஏன் வராது என்று எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தால் சந்தோஷம். ஆனால் அது அந்த முதலாளிக்குக் கிராமத்தின் மேல் இருந்த பிரியத்தால் வந்தது. இன்னொருவர் பிரியத்தை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போட முடியாது. சிவகாசியைப் பாருங்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கம்பெனி வரட்டும் என்று காத்திருக்காமல் வேலையைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நமக்குக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா வரைக்கும் போக வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பி.கே.எம்.-1 என்று முருங்கை விதை கேட்டு வாங்குகிறார்களே, அந்த பி.கே.எம். பெரியகுளம்தான். அங்கே உருவான செடி முருங்கை இன்று ஆப்பிரிக்கா வரை போய்விட்டது. அங்கெல்லாம் இலையைக் காயவைத்துப் பொடியாக்கி டப்பாவில் விற்கிறார்கள், நாம் காயை மட்டும் கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீரபாண்டி பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இந்த வாசல்களுக்கு நாம் போவது வாரிசுக்கு அட்மிஷன் கேட்கத்தான்.

இப்போது ஆண்டிபட்டி அருகே திம்மரசநாயக்கனூரில் சிப்காட் இடம் எடுத்திருக்கிறது. மணப்பாறை, திண்டிவனத்தோடு தேனிக்கும் உணவுப் பூங்கா என்று அரசு அறிவித்தது. நல்ல செய்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திராட்சை விளைவது கம்பத்தில். பூங்கா இருப்பது மாவட்டத்தின் மறுகோடியில். நடுவில் தேனி டவுன் நெரிசல். பழத்தைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே குளிரவைத்து அங்கே கொண்டுபோக வழி செய்யாவிட்டால், அந்த ஷெட்டுகளில் நம் பழம் தவிர மற்றதெல்லாம் இருக்கும். பெரிய பூங்கா ஒன்று வந்தால், கூடவே காமயகவுண்டன்பட்டியிலும் சின்னமனூரிலும் சின்னச் சின்ன குளிர்பதன அறைகளாவது வர வேண்டும். அவற்றுக்குத் தடையில்லாத மும்முனை மின்சாரமும் வேண்டும். கணவாய்க் காற்றில் மாவட்டத்தில் இத்தனை காற்றாலை சுற்றுகிறது, லோயர் கேம்ப்பில் நீர்மின் நிலையம் 1950-களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. நமக்குக் கரண்ட் கேட்க உரிமை உண்டு.

ரயில்வேயிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்தில் மூன்று நாள் எக்ஸ்பிரஸ் வருகிறது. தினசரியாக்குங்கள் என்று பயணிகள் கேட்கிறார்கள், சரிதான். வியாபாரிகள் பார்சல் பெட்டியைக் கேட்க வேண்டும். இரவில் ஏற்றிய பழமும் மல்லிகையும் காலையில் சென்னையில் இறங்கினால் கேரளத்தை மட்டும் நம்பியிருக்கும் கயிறு கொஞ்சம் தளரும்.

கடன் விஷயம் பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. சிறிய உணவு பதப்படுத்தும் தொழிலுக்கு மத்திய அரசின் திட்டம் ஒன்று 2020-லிருந்து இருக்கிறது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் தமிழக அரசின் திட்டங்களையும் சேர்த்துச் சொல்வார்கள். உலர் திராட்சை, வாழைக்காய்ச் சத்துமாவு, தேங்காய் எண்ணெய் என்று எதற்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: மானியத்தைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். வாங்குகிற ஆளைப் பார்த்துவிட்டு மெஷின் வாங்குங்கள். துணி போர்த்திக் கிடக்கும் மெஷின்களை இந்த மாவட்டத்தில் நிறையவே பார்த்தாயிற்று.

இந்த இதழில் போடிக் கிட்டங்கிகளில் காய் பிரிக்கும் பெண்களின் பேட்டி இருக்கிறது. சக்கம்பட்டி சேலை நெய்பவர்கள் பற்றிய கட்டுரையும் உண்டு. திராட்சை விவசாயிகள் நேரடியாகப் பேசும் பக்கங்களை முதலில் படியுங்கள், அங்கே இருக்கும் கோபம் நியாயமானது.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கூழ், வற்றல், பொடி, எண்ணெய், பேக்கிங் என்று நம் மாவட்டத்தில் சின்னதாக ஏதாவது நடத்துகிறவர்கள் எழுதுங்கள். ஜெயித்த கதை மட்டும் வேண்டாம். முதல் வருஷம் கரண்ட் பில் எவ்வளவு வந்தது, வங்கியில் என்ன சொன்னார்கள், முதல் சரக்கை யார் வாங்கினார், பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது, யார் தராமல் இழுத்தடித்தார் என்று கணக்கோடு எழுதுங்கள். ஆள் பெயர் போட வேண்டாம், கணக்கு போதும். பக்கம் எவ்வளவு ஆனாலும் ஒதுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்